பிசுபிசுக்கும் இறப்பர்ப் பூச்சு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஐப்பசி முடிந்து கார்த்திகை மழை இறங்கி, திருகோணமலையில் சுவரும் பாயும் மடித்து வைத்த உடுப்பும் ஈரம் பிடிக்கும் நாட்களில், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய வானொலியையோ கமராவையோ எடுத்துப் பார்த்த பலருக்கு ஒரே அனுபவம் நேர்ந்திருக்கும். வைத்தபோது கைக்கு மெத்தென்று இருந்த கறுப்பு உடல் இப்போது பலாப்பால் பட்டது போல விரலில் ஒட்டும். அதைப் பொதிந்து வைத்த துணியின் நூல்கள் அதன்மேல் பதிந்திருக்கும். தூசும் மயிரும் படிந்து விடுபட மறுக்கும். யாரோ குளிர்பானத்தைச் சிந்திவிட்டார்கள் என்று வீட்டுப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வதே பெரும்பாலும் முதலில் நடப்பது. பிள்ளைகள்மீது குற்றமில்லை. மேலே எதுவும் சிந்தவில்லை. மேலே இருந்த பூச்சே உருக்குலைந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பூச்சு பெரும்பாலும் பொலியூரித்தேன். 1937இல் ஜேர்மனியில் ஒற்றோ பேயர் குழுவினர் உருவாக்கிய இந்தப் பல்பகுதியம் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) மெத்தை நுரையாகவும் பாதணி அடியாகவும் வார்னிஷாகவும் பல வடிவம் எடுத்தது. 1990களிலிருந்து, கடினமான பிளாஸ்டிக் உடலுக்கு இறப்பர் போன்ற தொடுகையைத் தருவதற்காக வானொலி, மவுஸ், மடிக்கணினி மூடி, கமராவின் பின்கதவு, காரின் உட்புறப் பொத்தான்கள் என்று பலவற்றின் மேலும் அது மெல்லிய படையாக விசிறப்பட்டது. அதன் தடிப்பு ஒரு தலைமயிரின் தடிப்பைத் தாண்டாது. அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் எசுத்தர் என்ற வகைப் பிணைப்புகள் இருக்குமானால், காற்றிலுள்ள நீராவி அவற்றை ஒவ்வொன்றாக வெட்டும். இதையே நீர்ப்பகுப்பு என்கிறோம். வெட்டுப்பட்ட முனையில் அமிலக் கூட்டம் ஒன்று மிஞ்சும். அந்த அமிலமே அடுத்த வெட்டுக்கு ஊக்கியாக நின்று வேகத்தைக் கூட்டும். பத்து ஆண்டு எந்த மாற்றமும் காட்டாத பொருள் ஒரே மாரியில் கெட்டுப்போவது இதனால்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இச்செயல் விரையும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் வீசி வீட்டுக்குள் அனல் நிற்க, அதன் பின்னால் வாடையோடு ஈரம் வந்து சேரும் எங்கள் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

வெட்டுப்பட்ட சங்கிலியை எந்தத் தைலமும் மீண்டும் பொருத்தாது. ஆகவே கெட்ட பூச்சைக் காப்பாற்ற முயல்வது வீண். அதை முழுவதும் உரித்து எடுத்துவிட்டால், அடியிலிருக்கும் கடினமான பிளாஸ்டிக்கோடு கருவி இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஆனால் ஒட்டுகின்ற எல்லாமே பூச்சு அல்ல. சில பொருட்களில் உடலே இறப்பர். சிலவற்றில் ஒட்டுவது வயரிலிருந்து கசிந்த எண்ணெய். இன்னும் சிலவற்றில் பழைய ஸ்டிக்கரின் பசை. இவற்றைப் பிரித்தறியாமல் கையில் கிடைத்த திரவத்தைப் பூசியவர்களே பெரும்பாலான கருவிகளைக் கெடுத்திருக்கிறார்கள். பூச்சு கெடுத்தவை அதைவிடக் குறைவு.

எதையும் பூசுமுன் ஒரு சோதனை

பஞ்சுக் குச்சி ஒன்றை ஐசோபுரோபைல் அல்ககோலில் (தொற்றுநீக்கவும் துடைக்கவும் பயன்படும், விரைவில் ஆவியாகும் திரவம்) நனைத்து, பற்றரி மூடியின் உள்விளிம்பு அல்லது கருவியின் அடிப்பக்கம் போன்ற கண்ணில் படாத ஓரிடத்தில், பயறளவு பரப்பை இருபது தரம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்து, தேய்த்த இடத்தில் வழுவழுப்பான கடின பிளாஸ்டிக் தெரியுமானால் அது பூச்சு. மூன்றாம் அறிகுறிக்குச் செல்லலாம். பஞ்சு கறுத்தும், தேய்த்த இடம் முன்போலவே மெத்தென்றும் கறுப்பாகவும் இருந்தால், அங்கே உடல் முழுவதுமே இறப்பர். அதை உரிக்க முடியாது. பஞ்சு மஞ்சளாகவோ நிறமில்லாத எண்ணெய்ப் பசையோடோ வந்து, கீழே உள்ள பரப்பு மாறாமல் இருந்தால், ஒட்டும் பொருள் வேறெங்கிருந்தோ வந்து படிந்தது.

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். சில ஆண்டுகளுக்கு முன் நான் இதைச் செய்யாமல், ஒரு பைனாகுலரின் மேலுறையைப் பூச்சு என்று நம்பி ஒரு பின்னேரம் முழுவதும் தேய்த்து, அதன் இறப்பர்க் கவசத்தில் ஆறாத பள்ளம் ஒன்றை உண்டாக்கினேன்.

முதலாம் அறிகுறி: விரல் பட்ட வடிவில், ஓரிடத்தில் மட்டும் ஒட்டுகிறது

கருவி புதியது, மற்றப் பரப்பு நன்றாக இருக்கிறது, பிடிக்கும் இடத்தில் மட்டும் கைரேகை அழுந்தியது போல ஒட்டுகிறது என்றால், காலத்தைச் சந்தேகிக்குமுன் கையில் பூசியிருந்ததைச் சந்தேகிக்க வேண்டும். நுளம்பு விரட்டும் தைலங்கள் பலவற்றில் உள்ள டீட் என்ற பொருள் பல பிளாஸ்டிக்குகளையும் பூச்சுகளையும் இளக்கும் கரைப்பான். வெயில் தடுப்புக் களிம்பிலுள்ள எண்ணெய்களும் அதைப் போன்றவையே. நிலாவெளியில் திமிங்கிலம் பார்க்கப் படகேறுபவர்களின் பைனாகுலர்களும் கமராக்களும் இப்படிக் கெடுவது அடிக்கடி காணக்கூடியது.

அன்றே கவனித்தால் தப்பிக்க இடமுண்டு. பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு துளியை ஒரு கோப்பைத் தண்ணீரில் விட்டு, அதில் நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று நான்கு தரம் துடைத்து, வெறுந்தண்ணீர்த் துணியால் ஒருமுறை துடைத்து, காற்றாடியின் கீழ் ஓரிரவு விட வேண்டும். மறுநாளும் ஒட்டினால் அந்த இடத்துப் பூச்சு போய்விட்டது.

இரண்டாம் அறிகுறி: இலேசாக ஒட்டுகிறது; துடைத்தால் சில நாள் நன்றாக இருந்து, மீண்டும் ஒட்டுகிறது

இது சிதைவின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் எல்லோரும் சொல்லும் மருந்து குழந்தைப் பவுடர். பூசியதும் ஒட்டல் மறைவது உண்மை; ஆனால் பவுடர் ஒட்டும் பரப்பை மூடுகிறதேயன்றி நீர்ப்பகுப்பை நிறுத்துவதில்லை. இரண்டு மூன்று முறை பூசிய பின் பவுடரும் பூச்சும் வியர்வையும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு களியாகி, பிறகு உரிக்கும்போது வேலையை இரட்டிப்பாக்கும். நாளைக்கே பயணம், கருவி கையில் வேண்டும் என்ற அவசரத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

கடலுக்குக் கொண்டுபோகும் ஜீபீஎஸ் கருவி, டோர்ச், வோக்கி டோக்கி ஆகியவற்றில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள் ஆதலால், உப்புப் படிந்த நல்ல பூச்சும் ஈரமாகிப் பிசுபிசுப்பது உண்டு. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு தரம் துடைத்து உலர்த்திய பின் ஒட்டல் முற்றாகப் போய், ஒரு மாதம் திரும்பாமலிருந்தால் அது உப்பு மட்டுமே.

மற்றப்படி, நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு துடைத்தும் ஒரு வாரத்தில் ஒட்டல் திரும்பினால் காத்திருக்காமல் உரித்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. தொடக்கத்தில் பூச்சு தோல் போலச் சுருண்டு வரும். அடுத்த மாரிக்குப் பின் தார் போல இழுபடும்.

மூன்றாம் அறிகுறி: கைரேகை பதிகிறது, விரலில் கறுப்பு ஏறுகிறது

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். என் தாயார் பிபிசி தமிழோசை கேட்ட வானொலி, 2017இல் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்ற பின் அலுமாரிக்குள் போய், மீண்டும் வெளியே வந்தபோது இந்த நிலையில்தான் இருந்தது. எறியவும் விடமாட்டார், கையால் தொடவும் முடியாது.

எதைக் கொண்டு உரிப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஐசோபுரோபைல் அல்ககோலே பெரும்பாலான பிளாஸ்டிக்குகளுக்குத் தீங்கு செய்யாமல், சிதைந்த பொலியூரித்தேனை இளக்கக்கூடியது. நூற்றுக்கு 99 பங்குத் தூய்மையுள்ளதுதான் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் எங்கள் வெக்கையில் அது பூச்சுக்குள் இறங்குமுன்னே ஆவியாகிவிடும். 70 பங்குள்ளது ஈரமாக நீண்ட நேரம் நிற்பதால், பொறுமை உள்ளவருக்கு அதுவே போதும். அது கிடைக்காதபோது பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கலாம். ஆனால் அதன் சில தயாரிப்புகளில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருப்பதால், வேலை முடிந்த பின் சவர்க்காரத் தண்ணீரால் துடைக்காவிட்டால் மெல்லிய எண்ணெய்ப் படை மிஞ்சி, பூச்சு இன்னும் ஒட்டுகிறது என்ற மயக்கத்தைத் தரும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய கைத்தொற்று நீக்கியும் உதவும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் எதனோல் 80 பங்கும் கிளிசரீன் 1.45 பங்கும் உண்டு. கூழ் வடிவிலுள்ளவை சரிவான பரப்பிலும் வழியாமல் நிற்பது ஒரு வசதியே. கிளிசரீனையும் கூழையும் பிறகு கழுவியே ஆக வேண்டும்.

அசற்றோன், நகப்பூச்சு நீக்கி, தின்னர் ஆகிய மூன்றையும் அருகில் வைக்க வேண்டாம். கருவிகளின் உடல் பெரும்பாலும் ஏபிஎஸ், பொலிகாபனேற்று, பொலிஸ்ரைரீன் போன்ற பிளாஸ்டிக்குகளால் ஆனது. அவற்றை இவை கரைக்கும் அல்லது அவற்றில் வெடிப்பு விழச் செய்யும், பரப்பு உருகி வெண்மையாகிவிட்டால் திருத்த வழியில்லை. பெற்றோலும் பொலிஸ்ரைரீனைத் தாக்கும். வீட்டுக்குள் அதன் தீ அபாயம் வேறு. மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஸ்டிக்கர் பசைக்கு மிக நல்லவை, இந்தப் பூச்சுக்கோ பயனற்றவை. உட்துறைமுகப் பக்கத்தில் படகு இயந்திரம் திருத்தும் அண்ணர் ஒருவர், “தம்பி, அப்ப சாராயம் பூசினால் போகாதோ?” என்று முழு அக்கறையோடு கேட்டார். சாராயத்தில் அல்ககோல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். பூச்சு அசையாது, சாராயம் வீணாகும் என்றதும் அவர் இரண்டாவதைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார்.

தொடங்குமுன் பற்றரிகளைக் கழற்றி, மின் இணைப்பை எடுத்து, கருவியின் எல்லாப் பக்கங்களையும், குறிப்பாகப் பொத்தான்களின் மேலுள்ள எழுத்துகளையும் தொடர் இலக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். எழுத்துகள் பூச்சின் மேல் அச்சிடப்பட்டவையாக இருந்தால் பூச்சோடு போய்விடும். உடலைக் கழற்றத் தெரிந்தவர்கள் வெளி ஓடுகளைத் தனியே எடுத்துக்கொள்வது நல்லது. கழற்றிய திருகாணிகளை, அவை இருந்த இடத்தைக் கீறிய தாளொன்றில் குத்தி வைத்தால் பிறகு நீளமானதைக் குறுகிய துளையில் முடுக்கி உடலைத் துளைக்கும் விபத்து நேராது. கழற்ற முடியாதவற்றில் ஒலிபெருக்கித் துளைகள், செருகிகள், வில்லைகள் ஆகியவற்றை டேப்பால் மூட வேண்டும். வானொலியின் அலைவரிசை காட்டும் கண்ணாடி போன்ற பகுதி பெரும்பாலும் கண்ணாடியல்ல, அக்கிரிலிக்; அதன்மேல் அல்ககோல் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் சிலந்தி வலை போல ஓடும். திரவப் பளிங்குத் திரையின் (எல்சீடீ) மேற்படைக்கும் அல்ககோல் ஆகாது.

ஐசோபுரோபைல் அல்ககோலின் ஆவி 12 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றத் தக்கது. திருகோணமலையில் அதைவிடக் குளிரான நாள் இல்லை. ஆகவே வெளி விறாந்தையில், காற்றோட்டத்தில் வேலை செய்ய வேண்டும். சிகரெட்டை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். மேசைக்குக் கீழே புகைந்துகொண்டிருக்கும் நுளம்புச் சுருளைத்தான் மறப்பார்கள்.

உரிப்பது இப்படி. பழைய பெனியன் துணியைக் கருவியின் ஒரு முகத்தின் அளவுக்கு வெட்டி, அல்ககோலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து அந்த முகத்தின் மேல் விரித்து, அதற்கு மேல் பொலித்தீன் தாளொன்றை மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் துணிதான் உலரும், பூச்சு இளகாது. திரவத்தை ஒருபோதும் நேரடியாகக் கருவியின் மேல் ஊற்றக் கூடாது. பிறகு துணியை எடுத்து, காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பால், அதிகம் சரிக்காமல், ஒரே திசையில் வழித்தால் பூச்சு சுருள் சுருளாகத் திரண்டு வரும். வழித்ததை ஒவ்வொரு முறையும் தாளில் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த கறுப்பையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். உலோகக் கத்தியும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வேண்டாம். இரண்டும் பிளாஸ்டிக்கில் கீறல் இடும். மூலைகளுக்கும் பொத்தான் விளிம்புகளுக்கும் பழைய பல்துலக்கியும், நுனியில் துணி சுற்றிய ஈர்க்கும் போதும். ஒரு மடிக்கணினி மூடிக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கலாம். கையுறை அணியாவிட்டால் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு ஒரு வாரம் போகாது.

அல்ககோல் வாங்க வழியில்லாதவர்கள், கழற்றி எடுத்த ஓடுகளுக்கு மட்டும், அப்பச்சோடாவைச் சிறிது தண்ணீரில் களியாகக் குழைத்துத் துணியால் தேய்க்கலாம். அது கரைக்காது, மெல்லிய அரம் போல உரசி எடுக்கும். வேலை மெதுவானது, பளபளப்பான பரப்பு மங்கும், ஆனால் பிளாஸ்டிக் உருகாது. உள்ளே மின்சுற்று இருக்கும் கருவியின் மேல் இந்த ஈரக் களியைப் பயன்படுத்தக் கூடாது.

உரித்த பின்னும் பரப்பு இலேசாக ஒட்டினால், பெரும்பாலும் கரைந்த பூச்சு மெல்லிய படையாக மீண்டும் பரவி உலர்ந்திருக்கிறது; புதிய துணி, புதிய அல்ககோல் கொண்டு, துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பரப்பில் வெண்புகை படிந்தாற்போல் தெரிந்தால் அது பெரும்பாலும் பவுடர் அல்லது சோடாவின் மிச்சம். சவர்க்காரத் தண்ணீரில் போய்விடும். உரித்த உடலின் நிறம் எதிர்பாராததாக இருக்கலாம்: கறுப்பு வானொலி சாம்பலாகவும், வெள்ளி நிறக் கமரா பால் வெள்ளையாகவும் வெளியே வந்ததைக் கண்டிருக்கிறேன். அதன்மேல் மீண்டும் இறப்பர்த் தொடுகை தரும் பூச்சை விசிற வேண்டாம் என்பேன். அதே கதை மறுபடி தொடங்கலாம். பிடி வழுக்கினால் துணி டேப் ஒரு துண்டு போதும். அழிந்த எழுத்துகளை, எடுத்து வைத்த படத்தைப் பார்த்து எழுதி ஒட்டிக்கொள்ளலாம். என் தாயாரின் வானொலியில் நான் ஒட்டிய சிட்டைகளை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. எந்தப் பொத்தான் எதற்கென்று அவருடைய விரலுக்குத் தெரியும்.

அல்ககோலில் நனைந்த துணிகளைக் குப்பைக் கூடையில் அப்படியே திணிக்காமல், வெளியில் விரித்து முற்றாக உலர்ந்த பின் எறிய வேண்டும்.

நான்காம் அறிகுறி: தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வருகிறது, அடி தெரியவில்லை

இங்கே ஒட்டுவது தடித்த இறப்பர் அல்லது இறப்பர் போன்ற பிளாஸ்டிக். கமராவின் கைப்பிடி, பைனாகுலரின் கவசம், டோர்ச்சின் மேலுறை, மவுஸ் சக்கரத்தின் வளையம் ஆகியவை இந்த வகை. சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, உலர்த்தி, மிகச் சிறிதளவு பவுடர் இட்டு வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அல்ககோலை ஊறவிட்டால் அது வீங்கவோ வெடிக்கவோ கூடும். கமராவின் கைப்பிடி ஒட்டாமல், ஆனால் நீண்டு, உடலிலிருந்து கிளம்பி நின்றால், அது ஆண்டுக்கணக்கில் கையின் எண்ணெயைக் குடித்துப் பருத்திருக்கிறது. பருத்ததை மீண்டும் சுருக்க முடியாது. மெல்லக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, மிகுந்த விளிம்பை வெட்டி இருபக்க டேப்பால் ஒட்டலாம், அல்லது அந்தப் பாகத்தைப் புதிதாக வாங்கலாம். மவுஸ் சக்கரத்தில் உருகிய வளையத்தை வழித்தெடுத்துவிட்டு, மின்வேலை செய்பவர்களிடம் கிடைக்கும் சூட்டில் சுருங்கும் குழாயில் ஒரு துண்டைப் போட்டுச் சுருக்கினால் நன்றாக உழைக்கும்.

ஐந்தாம் அறிகுறி: வயர் ஒட்டுகிறது, வயர் கிடந்த இடத்தில் உடல் உருகியிருக்கிறது

வயர்களின் உறையாக வரும் பீவீசி என்ற பிளாஸ்டிக் இயல்பாகவே கடினமான பொருள். வயரின் உறை வளைவதற்காக அதில் இளக்கும் எண்ணெய்கள் கலக்கப்படுகின்றன. நாளடைவில் அவை மேற்பரப்புக்குக் கசிந்து ஒட்டும். அந்த வயரை வானொலியைச் சுற்றிக் கட்டி வைத்தால், எண்ணெய் ஏபிஎஸ் அல்லது பொலிஸ்ரைரீன் உடலுக்குள் புகுந்து அதையும் இளக்கி, வயரின் வடிவிலேயே பள்ளம் பதிக்கும். இந்தப் பள்ளத்தைப் பூச்சுச் சிதைவு என்று எண்ணி அல்ககோலால் தேய்ப்பதில் பயனில்லை. உடல் அங்கே உண்மையிலேயே உருக்குலைந்திருக்கிறது. வயரைச் சவர்க்காரத் தண்ணீர்த் துணியால் துடைத்து உலர்த்தி, இனிமேல் தனியாக, தாளில் சுற்றி வைக்க வேண்டும்.

மின் செருகியோடு வரும் வயர் என்றால் வேறு கவனம் தேவை. அது 230 வோல்ட் தாங்குவது. உறை ஒட்டுவதோடு வளைக்கும்போது வெடிப்பும் தெரிந்தால், துடைப்பதும் டேப் சுற்றுவதும் அல்ல, முழு வயரையும் மாற்றுவதே செய்ய வேண்டியது. அதைத் தெரிந்த மின்வேலையாளரிடம் கொடுங்கள்.

ஆறாம் அறிகுறி: ரிமோட்டின் பொத்தான்கள் எண்ணெய் பிடித்து, அழுத்தினால் வேலை செய்யவில்லை

ரிமோட் பொத்தான் விரிப்புகள் பெரும்பாலும் சிலிக்கோன் இறப்பர். அதிலிருந்து கசியும் எண்ணெயும் விரல் அழுக்கும் சேர்ந்து, கீழேயுள்ள கரிப்புள்ளிக்கும் மின்பலகைக்கும் இடையே படையிட்டு மின்தொடர்பைத் தடுக்கின்றன. ரிமோட்டைப் பிளந்து, விரிப்பை மட்டும் தனியே எடுத்து, இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். மின்பலகையை அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். கரிப்புள்ளிகளை அழுத்தித் தேய்த்தால் அவை தேய்ந்து ரிமோட்டே பயனற்றுப் போகும்.

ஏழாம் அறிகுறி: கசற் சுழலவில்லை, உள்ளே தார் உருகியது போல இருக்கிறது

மோட்டாரின் ஓசை கேட்கிறது, கசற் அசையவில்லை என்றால் உள்ளே இருக்கும் இறப்பர்ப் பட்டி களியாகியிருக்கலாம். இது மேற்சொன்ன பூச்சைவிட மோசமாகக் கறைபடுத்தும்; பட்ட இடமெல்லாம் கறுக்கும், கையிலிருந்து சட்டைக்கும் அங்கிருந்து மேசை விரிப்புக்கும் போகும். கையுறை அணிந்து, கீழே செய்தித்தாள் விரித்து, முதலில் ஈர்க்கால் பெரும் பகுதியைத் திரட்டி எடுத்துவிட்டு, பிறகே அல்ககோலும் பஞ்சுக் குச்சியும் கொண்டு கப்பிகளின் தவாளிப்புகளைத் துடைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால், அதாவது முதலிலேயே அல்ககோல் ஊற்றினால், களி கரைந்து அச்சுகளுக்குள் இறங்கிவிடும்.

புதிய பட்டியின் அளவைக் காண, பட்டி போகும் வழியில் நூலொன்றைச் சுற்றி அளந்து, அந்த நீளத்தைவிட 5 முதல் 10 சதவீதம் குறைந்த சுற்றளவுள்ள பட்டியை வாங்க வேண்டும். அதிகம் இறுகினால் மோட்டார் திணறும். தளர்ந்தால் பாட்டு ஊஞ்சலாடும். கடதாசி கட்டும் இறப்பர் வளையத்தைப் போட்டுப் பார்ப்பது எல்லோரும் ஒருமுறை செய்வதே. அது நீண்டு நீண்டு சுருங்குவதால் சுருதி நிற்காது, சில மாதத்தில் வெடித்தும் விடும்.

சிறு அறிகுறிகள் இரண்டு

இறப்பர்ப் பிடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பெரும்பாலும் இறப்பருக்குள்ளிருந்து வெளியே வந்த கலவைப் பொருட்கள். ஈரத்துணியால் துடைத்தால் போகும், மீண்டும் வரும், கேடில்லை. ஆனால் பற்றரி அறையின் உலோக முனைகளில் வெள்ளைப் பொடி கண்டால் அது கசிந்த அல்கலைன் பற்றரியின் காரம். பஞ்சுக் குச்சியில் சிறிது வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும்.

தலையணி ஒலிபெருக்கியின் காது மெத்தை, பழைய பிலிம் கமராவின் கதவோர நுரை ஆகியவை தொட்டதும் பொடியானாலோ களியானாலோ அவையும் பெரும்பாலும் பொலியூரித்தேனே. துடைத்து எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதைத் தவிர வேறில்லை. கமராவில் இதைச் செய்யும்போது ஒரு துகள்கூடக் கண்ணாடிப் பக்கம் போகாதபடி கருவியைக் கவிழ்த்துப் பிடித்து வேலை செய்ய வேண்டும்.

உரிக்காத கருவிகளை வைக்கும் முறை

கடல் காற்று நுழையும் வீட்டில் திறந்த தட்டும் சரியல்ல. ஈரத்தை உள்ளே அடைத்து மூடிய பொலித்தீன் பையும் சரியல்ல. பையில் சிதைவிலிருந்து பிறக்கும் அமிலமும் வெளியேறாது. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நூறு கிராம் அளவு போட்டு, உள்ளே சாரீரப்பதன் (காற்றிலுள்ள ஈரத்தின் அளவு) 50 சதவீதத்துக்குக் கீழ் நிற்கிறதா என்று சிறு ஈரமானி ஒன்றால் பார்த்துக்கொள்வது நல்லது. ஜெல்லின் நிறம் மாறியதும் 110 முதல் 120 பாகை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் போறணையில் வைத்தால் மீண்டும் பயன்படும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். அரிசியிலேயே நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு ஈரம் உண்டு, அதன் தவிட்டுத் தூள் ஒட்டும் பரப்பில் படிந்தால் வேறு தொல்லை. ஏற்கெனவே ஒட்டத் தொடங்கிய கருவியை நல்லவற்றோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். ரெக்சின் (செயற்கைத் தோல்) உறைக்குள்ளும் வைக்க வேண்டாம். அதுவும் இளக்கும் எண்ணெய் கசியும் பொருளே.

புரட்டாதி கடைசியில், மழைக்கு முன், ஒவ்வொரு கருவியையும் வெளியே எடுத்து, பற்றரியைக் கழற்றி, அடிப்பக்கத்தில் பெருவிரலைப் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். விரல் விடுபடும்போது மெல்லிய சத்தமோ இழுப்போ இருந்தால் அந்த வாரமே உரித்துவிடுவது நல்லது. மழை பிடித்துவிட்டால் கழுவிய ஓடுகள் உலர ஒரு பகல் போதாது, விறாந்தையில் உட்கார்ந்து வேலை செய்யவும் இடமிராது.